உழைச்செல்வான் சிரிக்கலாமா?

மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் (950) வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறார். நோயுற்றவன், அதைத் தீர்ப்பவன், மருந்து, நான்காவதாக உழைச்செல்வான். 'உழை' என்பதற்குப் பக்கம் என்று பொருள். நோயாளியின் பக்கத்திலிருந்து வேண்டியதைச் செய்பவனே உழைச்செல்வான். வடமொழியில் சரக சம்ஹிதையும் மருத்துவத்துக்கு இதே நான்கு கால்களைச் சொல்கிறது. இன்றைய மருத்துவமனை வழக்கில் இவருக்குப் பெயர் 'அட்டெண்டர்'. இரவு இரண்டு மணிக்கு ஒலிபெருக்கி "பதினெட்டாம் நம்பர் பேஷண்ட்டோட அட்டெண்டர் உடனே வரவும்" என்று அழைக்க, பெஞ்சிலிருந்து எழுந்து இருட்டில் செருப்பைக் காலால் துழாவுகிறாரே, அவர்தான் வள்ளுவர் கண்ட நான்காம் கூறு.

பரிமேலழகர் தமது உரையில் இந்நான்கு ஒவ்வொன்றுக்கும் நான்கு இயல்புகளை அடுக்குகிறார். உழைச்செல்வானிடம் அவர் எதிர்பார்ப்பவை: நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய்களின் தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் வல்லமை, அறிவு. குறை சொல்ல முடியாத பட்டியல். எனினும் இப்பட்டியலில் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. அது நகை. அதைச் சேர்ப்பதற்கு முன், அந்த நகை யாருடையது, யாரை நோக்கியது என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதும் எங்கள் கருத்தின் ஒரு பகுதி.

'எங்கள்' என்று சொல்வது வெறும் எழுத்து மரபுக்காக அன்று. இக்கட்டுரையை எழுதும் நாங்கள் கணவன், மனைவி. 2023ஆம் ஆண்டு மதுரையில் ஒரு மருத்துவமனையில் 17 நாட்கள் இருந்தோம். எங்களில் மனைவி கட்டிலில், கணவர் பெஞ்சில். பல்லாண்டுகளுக்கு முன் செய்த கருப்பை அறுவை சிகிச்சையின் தழும்பு உள்ளே இழையாக ஒட்டிக்கொண்டு சிறுகுடலை முறுக்கிவிட்டிருந்தது. குடலடைப்புக்கு மிகப் பரவலான காரணம் இதுதான் என்று பின்னர் தெரிந்துகொண்டோம். வயிற்றைத் திறந்து, கறுத்துப்போயிருந்த பகுதியை அகற்றி, எஞ்சியதை இணைத்தார்கள். மனைவி முப்பது ஆண்டு தமிழாசிரியராக இருந்தவர்; கணவர் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். நோயாளியின் நகைச்சுவையைப் பற்றி உடனிருந்தவர் மட்டும் எழுதினால் அது பாதி உண்மையாகவே இருக்கும் என்பதால் இருவரும் சேர்ந்து எழுதுகிறோம். மனைவி திருத்தாத வரி எதுவும் இதில் இல்லை.

*

முதலில் ஒரு பிம்பத்தை ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கிறது. சிரிப்பே மருந்து என்ற பிம்பம்.

இதற்கு நவீன காலத்தில் ஒரு மூலவர் உண்டு. அமெரிக்காவில் 'சாட்டர்டே ரிவ்யூ' இதழின் ஆசிரியராக இருந்த நார்மன் கசின்ஸ் 1964இல் மூட்டுகளையும் முதுகெலும்பையும் இறுக்கும் கடும் நோயில் விழுந்தார். மருத்துவரின் சம்மதத்தோடு மருத்துவமனையை விட்டு ஒரு ஹோட்டல் அறைக்கு மாறி, அதிக அளவில் வைட்டமின் சி எடுத்துக்கொண்டு, மார்க்ஸ் சகோதரர்களின் படங்களையும் 'கேண்டிட் கேமரா' நிகழ்ச்சியையும் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். பத்து நிமிடச் சிரிப்பு தமக்கு இரண்டு மணிநேர வலியற்ற தூக்கத்தைக் கொடுத்ததாக அவர் எழுதினார். 1976இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் கட்டுரையாக வந்தது, 1979இல் 'அனாடமி ஆஃப் ஆன் இல்னெஸ்' என்ற புகழ்பெற்ற நூலாக விரிந்தது. ஒரு மனிதரின் நேர்மையான அனுபவம் அது. ஆனால் கைமாறிக் கைமாறி வந்ததில் ஹோட்டலும் வைட்டமினும் உதிர்ந்து, சிரித்தால் குணமாகும் என்ற ஒற்றை வரி மட்டும் மிஞ்சியது. நம்மூரில் 2004இல் 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' வந்தபின் கட்டிப்பிடி வைத்தியமும் அதோடு சேர்ந்துகொண்டது. படம் எங்களுக்கும் பிடிக்கும். படத்தை நெறிமுறைக் கையேடாக எடுத்துக்கொண்டு பார்வையாளர் நேரத்தில் வரும் உறவினர்கள்தாம் சிக்கல்.

நடுவயிற்றில் மேலிருந்து கீழாகத் தையல் போடப்பட்ட ஒருவருக்குச் சிரிப்பு மருந்தன்று, வலி. இருமினால், தும்மினால், சிரித்தால் தையல் இழுக்கும். அதனால் அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே செவிலியர் ஒரு சிறு தலையணையைக் கொடுத்து, "இருமல் வந்தாலும் சிரிப்பு வந்தாலும் இதை வயித்தோட அணைச்சுப் பிடிச்சுக்கங்கம்மா" என்று கற்றுக்கொடுத்தார். உலகெங்கும் வயிற்று அறுவைக்குப்பின் சொல்லித்தரும் எளிய உபாயம் இது. இதிலிருந்தே எங்கள் கருத்து பிறந்தது எனலாம். சிரித்தால் வலிக்கும் என்று தெரிந்தும் நோயாளி சிரிக்கத் துணிகிறார் என்றால், அந்தச் சிரிப்பு உடலைக் குணமாக்குவதற்காக வரவில்லை. வேறெதையோ காப்பாற்ற வந்திருக்கிறது. அது என்ன என்பதே கேள்வி.

*

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டில் நகையை முதலில் வைத்து, அது பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இரண்டாயிரம் ஆண்டுப் பழைய இந்த வகைப்பாடு ஒரு மருத்துவமனைத் தளத்துக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை எண்ணி நாங்கள் வியந்ததுண்டு.

பேதைமை என்பது அறியாமை. மருத்துவமனையில் உழைச்செல்வானின் முதல் தகுதியே அதுதான். வயிற்று அறுவைக்குப்பின் குடல் சில நாட்கள் உறங்கிக் கிடக்கும். அது விழித்துக்கொண்டதற்கு அடையாளம் காற்றுப் பிரிவது. ஆகவே ஒவ்வொரு நாள் காலையும் தலைமை மருத்துவர் தம் மாணவர் கூட்டத்தோடு வந்து நின்று கேட்கும் ஒரே கேள்வி, "கேஸ் போச்சா?" என்பதுதான். முப்பது ஆண்டு வகுப்பறையில் ஓசை எழுந்தால் சாக்பீஸை வீசிய ஒரு தமிழாசிரியரிடம் எட்டுப் பேர் முன்னிலையில் கேட்கப்படும் கேள்வி இது. இல்லை என்று தலையசைத்தால் அத்தனை முகங்களும் வாடுகின்றன. உலகில் வேறெங்கும் இந்த ஒரு செயலுக்காக இவ்வளவு கற்றறிந்தவர்கள் இவ்வளவு ஏக்கத்தோடு காத்திருப்பதில்லை.

நான்காம் நாள் அதிகாலை அந்த நற்செய்தி கிட்டியது. கணவர் உடனே ஊரிலிருந்த மனைவியின் அண்ணனுக்குத் தொலைபேசினார். வராந்தாவில் சமிக்ஞை விட்டுவிட்டு வந்தது. "மச்சான், கேஸ் போயிடுச்சு!" என்ற வாக்கியத்தின் நடுச்சொல்லைக் காற்று கொண்டுபோய்விட, மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தது "மச்சான், போயிடுச்சு" மட்டுமே. தொடர்ந்து எழுந்த ஒப்பாரியின் முதல் அடி காதில் விழுந்ததோடு தொடர்பு அறுந்தது. மறுபடி தொடர்பு கிடைப்பதற்குள் பத்து நிமிடம் ஆகியிருந்தது; அதற்குள் ஊரில் வேன் பேசியிருந்தார்கள். இதை மனைவியிடம் சொல்லத்தான் வேண்டுமா என்று கணவர் அரைமணி நேரம் யோசித்தார். பிறகு முதலில் தலையணையை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார். அவர் தலையணையை இறுகப் பற்றிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, ஓசையில்லாமல் குலுங்கியபின் கேட்டது: "ஒப்பாரில என்ன பாடினாங்க? சொல்லுங்க. உயிரோட இருக்கும்போதே கேட்டுக்கிறேன்."

மடன் என்பதற்கு, ஒருவர் சொன்னதை அப்படியே ஏற்று, ஏற்றதைக் கைவிடாமல் இருத்தல் என்று உரையாசிரியர்கள் விளக்கம் தருவர். பார்வையாளர் நேரம் முழுவதும் மடனின் ஆட்சிதான். மூக்கு வழியாகக் குழாய் செருகி, ஒரு மிடறு தண்ணீர்கூட வாய்வழியே கூடாது என்று கட்டிலின் தலைமாட்டில் அட்டை தொங்கும்போது, நோயாளியைப் பார்க்கப் போனால் ஹார்லிக்ஸ் வாங்கிப் போக வேண்டும் என்ற நம்பிக்கை அசையவில்லை. ஐந்தாம் நாள் முடிவில் கட்டிலடியில் ஆறு ஹார்லிக்ஸ் பாட்டில்களும் நான்கு கிலோ சாத்துக்குடியும் இருந்தன. பழங்கள் வராந்தா முழுவதற்கும் பங்கிடப்பட்டன. ஹார்லிக்ஸைக் கணவர் குடித்து எடை கூடினார். பிறகு, இதே நோய் வந்த தங்கள் உறவினர் கதையைத் தொடங்குபவர்கள். "எங்க சித்தப்பாவுக்கும் இதே மாதிரிதாங்க, பதினொரு நாள் நல்லாத்தான் இருந்தாரு…" என்று வேகமாக வந்து, கதை போய் நிற்கப்போகும் இடம் கண்ணில் பட்டதும் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி, மழை வரும்போலிருக்கிறதே என்பார்கள். அன்போடு வந்தவர்கள்தாம் எல்லோரும். அவர்கள் போனபின் சிரித்ததில் பகை இல்லை.

இளமை என்பதைக் குழந்தைத்தன்மை என்று கொள்ளலாம். நோய் பெரியவர்களைக் குழந்தையாக்குகிறது. நிறுவனம் அதை விரைவுபடுத்துகிறது. வாயைத் திறங்க, கையை நீட்டுங்க, சமர்த்து. எண் கேட்டுப் பழகிய நிறுவனம் வலியையும் எண்ணாகக் கேட்கிறது: பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு? தமிழில் வலிக்கு எத்தனை சொற்கள்! குத்தல், குடைச்சல், கடுப்பு, இசிவு, உளைச்சல், சுரீர், விண்விண். இத்தனையும் கைவசம் உள்ள ஒருவரிடம் ஓர் எண்ணைக் கேட்டார்கள். மனைவி ஒரு நிமிடம் யோசித்து, "ஆறரை. பதில் சரி, ஆனா கையெழுத்து மோசம்; அதுக்கு அரை மார்க் குறைச்சிருக்கேன்" என்றார். கேரளத்திலிருந்து வந்திருந்த இளம் செவிலியர் குழம்பிப்போய் ஆறு என்று எழுதிக்கொண்டார். மறுநாள் முதல் அவரும் "டீச்சரே, இன்னைக்கு எத்தனை மார்க்கு?" என்றே கேட்கத் தொடங்கினார். குழந்தையாக்கப்பட்டவர் அந்த ஒரு வாக்கியத்தில் மீண்டும் ஆசிரியரானார்.

*

எஞ்சியது எள்ளல். இங்கேதான் எச்சரிக்கை தேவை.

மருத்துவமனை நகைச்சுவை என்றதும் நம் வார இதழ்களின் டாக்டர், நர்ஸ் துணுக்குகள் நினைவுக்கு வரும். எனக்கும் இதுதான் முதல் ஆபரேஷன் என்று சொல்லும் டாக்டரிலிருந்து, நர்ஸுக்காகவே படுக்கையில் கிடக்கும் நோயாளி வரை. அவற்றில் ஒன்றுகூட ஒரு வார்டுக்குள் உயிரோடு இருக்க முடியாது. இரவு முழுவதும் நின்ற காலோடு நடமாடிவிட்டு, காலை ஆறு மணிக்குச் சுவரில் சாய்ந்து ஒரு காலை மட்டும் செருப்பிலிருந்து விடுவித்து ஆற்றிக்கொள்ளும் ஒரு பெண்ணைப் பார்த்தபின் அந்தத் துணுக்கு வாயில் வராது. கழிவுப் பையை மாற்றும் ஆயாவையும் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவரையும் எள்ளுவது நகையன்று. கீழே நிற்பவர் மீது நம் அச்சத்தை இறக்கிவைப்பது.

எள்ளத் தகுந்தவை வேறு உண்டு. படிவங்கள், பில்கள், ஐந்தாம் மாடிக்கு மட்டும் நிற்காத லிஃப்ட். பரிமேலழகர் நோயாளிக்கு வேண்டிய இயல்புகள் நான்கில் முதலாவதாகச் சொல்வது பொருளுடைமை. மருத்துவன் சொல்படி நடத்தல், நோயின் நிலையை உணர்த்தும் வல்லமை, மருந்தின் துன்பம் பொறுத்தல் ஆகிய மூன்றும் அதற்குப் பின்னர்தான். முன்பணம் கட்டும் கவுண்டரின் முன் இவ்வுரையைச் சலவைக்கல்லில் பொறித்து வைக்கலாம் என்று சொன்னவர் நோயாளியேதான்.

'நோயாளியேதான்' என்பதை அழுத்திச் சொல்கிறோம். ஃப்ராய்ட் 1905இல் நகைத்துணுக்குகளைப் பற்றி ஒரு நூலும், 1927இல் நகைச்சுவை பற்றி ஒரு சிறு கட்டுரையும் எழுதினார். இரண்டிலும் ஓர் எடுத்துக்காட்டு வருகிறது: திங்கட்கிழமை தூக்குமேடைக்கு அழைத்துச் செல்லப்படும் கைதி, வாரம் நன்றாகத் தொடங்குகிறது என்கிறான். அஞ்சி நடுங்கும் குழந்தையைப் பார்த்து ஒரு பெரியவர் இவ்வளவுதானே என்று புன்னகைப்பதைப்போல, மனத்தின் ஒரு பகுதி மறுபகுதியைத் தேற்றுவதே நகைச்சுவை என்று அவர் கருதினார். இதோடு நாங்கள் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறோம். அந்த வாக்கியத்தைக் கைதி சொன்னால் நகைச்சுவை. தூக்கிலிடுபவன் சொன்னால் குரூரம். வேடிக்கை பார்க்க வந்தவன் சொன்னால் அசிங்கம். சொல் ஒன்றே. நிற்குமிடம் வேறு. கட்டிலில் படுத்திருப்பவருக்கு மரணத்தைக் கேலி செய்யும் உரிமை உண்டு. பெஞ்சில் படுத்திருப்பவருக்கு அது கிடையாது. கட்டிலிலிருந்து அழைப்பு வந்தாலொழிய.

அறுவை அரங்குக்கு அழைத்துச் செல்வதற்குமுன் ஒப்புதல் படிவத்தை நீட்டினார்கள். உயிருக்கு நேரக்கூடிய அபாயங்கள் ஒவ்வொன்றாக எண்ணிடப்பட்டிருந்தன. கையெழுத்திடும் இடத்துக்கு மேலே, 'நோயாளியுடன் உறவு' என்று ஒரு கட்டம். கணவரின் பேனா அங்கே நின்றுவிட்டது. முப்பத்தைந்து ஆண்டு கணக்கெழுதிய கைக்கு நடுக்கம். மனைவி ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி தலையைத் திருப்பி அந்தத் தாளைப் படித்தார். "'சுமாரா இருக்கு'ன்னு எழுதுங்க" என்றார்.

அதன்பின் கையெழுத்து நேராக விழுந்தது. உள்ளே போகிறவர் வெளியே நிற்பவரைத் தேற்றினார். நோயாளியைச் சிரிக்கவைப்பது எப்படி என்று கேட்டு நம்மிடம் பல கட்டுரைகள் வந்திருக்கின்றன. பெரும்பாலும் சிரிக்கவைக்கிறவர் நோயாளிதான் என்பதையும், அது அவர் நமக்குச் செய்யும் பணிவிடை என்பதையும் அவை கவனிப்பதில்லை. உழைச்செல்வானுக்கும் ஓர் உழைச்செல்வான் தேவைப்படுகிறான். அந்நேரத்தில் அப்பணியைக் கட்டிலில் இருப்பவர் ஏற்கிறார்.

*

நகையைப் போற்றி எழுதுவோர் வழக்கமாக விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. நகை இல்லாத நாட்கள்.

தொல்காப்பியரின் பட்டியலில் நகைக்கு அடுத்து வருவது அழுகை. இரண்டுக்கும் இடையில் ஒரு சொல் இடைவெளிகூட இல்லை. ஆறாம் நாள் மாலை காய்ச்சல் ஏறியது. குடலை இணைத்த இடத்தில் கசிவு ஏற்படுமானால் அறுவைக்குப்பின் முதல் வாரத்திலேயே பெரும்பாலும் வெளிப்படும் என்பதை மருத்துவர் எங்களிடம் மறைக்கவில்லை. மறுபடி வயிற்றைத் திறக்க நேரலாம். 48 மணிநேரம் பார்க்கலாம் என்றார். அந்த இரண்டு நாட்கள் எங்களுக்குள் பேச்சே இல்லை. தலையணை கட்டிலின் கால்மாட்டில் கிடந்தது. மனம் இலகுவாகட்டும் என்று உறவினர் ஒருவர் கைப்பேசிக்கு அனுப்பிய வேடிக்கைக் காணொளிகளைக் கணவர் திறக்கவில்லை. அந்நேரத்தில் யாரேனும் சிரியுங்கள் என்று சொல்லியிருந்தால் அது வன்முறையாகவே இருந்திருக்கும். இடுக்கண் வரும்போது நகச் சொன்ன குறளும் (621) நினைவுக்கு வரத்தான் செய்தது. அது துன்பத்தை எதிர்கொள்பவனுக்குச் சொன்னது. பக்கத்தில் நிற்பவன் எடுத்து வீசுவதற்குச் சொன்னதன்று என்று மனைவி பின்னர் விளக்கம் தந்தார். அவ்விளக்கத்தை நாங்கள் இருவரும் ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாம் நாள் விடியலில், கட்டிலிலிருந்து ஒரு பலவீனமான குரல்: "என்னங்க, கீழ இருக்கிற ஹார்லிக்ஸை எல்லாம் குடிச்சுத் தீர்த்துட்டீங்களா?" கணவர் எழுந்து உட்கார்ந்தார். வெப்பமானி பார்க்கச் செவிலியர் வர இன்னும் ஒரு மணிநேரம் இருந்தது. காய்ச்சல் இறங்கத் தொடங்கிவிட்டது என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

இதை நாங்கள் மிகையாகச் சொல்லவில்லை. நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் மருத்துவருக்குத் தெரியும். அந்த மனிதர் வழக்கமாக எப்படிக் கேலி பேசுவார், எந்தச் சொல்லில் அழுத்தம் கொடுப்பார் என்பது அவருக்குத் தெரியாது. அறுவைக்குப்பின் முதியவர்களுக்கு வரும் சித்தக் குழப்பத்தைப் பலமுறை முதலில் கண்டுகொள்வது வீட்டார்தான் என்று மருத்துவர்களே சொல்வார்கள். இவர் இப்படிப் பேசமாட்டாரே என்ற ஐயம் அவர்களுக்குத்தான் எழும். மறுதலையாக, இவர் இப்படித்தான் பேசுவார் என்ற நிம்மதியும் அவர்களுக்கே உரியது. பரிமேலழகர் உழைச்செல்வானுக்குச் சொன்ன 'அறிவு' என்பதற்கு நாங்கள் கொள்ளும் பொருள் இதுவே.

புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' கதையை வாசகர்கள் அறிவார்கள். ஜவுளிக்கடைச் சம்பளத்தில் காலந்தள்ளும் பிரமநாயகம் பிள்ளை, நோயில் கிடக்கும் மனைவிக்குச் சமைத்துப்போட்டு உடனிருக்கும் கதை. தமிழில் உழைச்செல்வானைப் பற்றி அதைவிட உயர்ந்த எழுத்து இல்லை என்பது எங்கள் எண்ணம். எள்ளலில் நிகரற்ற அந்த எழுத்தாளர் அங்கே அந்தத் தம்பதியை எள்ளவில்லை. வீடு திரும்பியபின் நாங்கள் முதலில் சேர்ந்து படித்தது அக்கதையைத்தான். நோயுற்றவருக்கு அதைப் படிக்கக் கொடுப்பார்களா என்று மகள் கோபித்துக்கொண்டாள். செல்லம்மாள் பிழைக்கவில்லை என்பதை மறந்துவிட்டு அந்தச் சிறுவீட்டில் ஒருவர் மற்றவருக்காகப் பொறுக்கும் பொறுமையை மட்டும் படித்தோம் என்று சொன்னால் அது பொய். அதையும் சேர்த்துத்தான் படித்தோம்.

*

ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறோம். இதெல்லாம் புத்தகம் படித்தவர்களின், கொஞ்சம் பணம் புரட்ட முடிந்தவர்களின் சொகுசு என்று சொல்லலாம். கடனுக்கு அலைந்துகொண்டிருப்பவனுக்குத் தொல்காப்பியம் எதற்கு?

எங்கள் அறையில் திரைச்சீலைக்கு அப்பால் இன்னொரு கட்டில் இருந்தது. கிராமத்து மூதாட்டி; சர்க்கரையால் காலில் புண். கணவர் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊருக்குப் போய்வருவார். அவர் திரும்பி வந்து உட்கார்ந்ததும் அம்மூதாட்டி கேட்பது ஒரே கேள்வி: "ஆட்டுக்குத் தழை வச்சீகளா?" அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொல்வார்: "வச்சேன். அதுகதான் ஒன்னைய விசாரிச்சுச்சுக. ஹார்லிக்ஸ் வாங்கிக் குடுத்துவிடச் சொல்லுச்சுக." மூதாட்டி சிரிக்கமாட்டார். "போங்க அங்கிட்டு" என்பார். ஆனால் அவர் ஊருக்குப் போன நாட்களில் அந்தப் பக்கத்துக் கட்டிலில் ஓர் ஓசையும் எழாது. அந்தக் கால் பிழைக்குமா என்பது அப்போது யாருக்கும் தெரியாது. ஆடு ஒன்று ஏற்கெனவே விற்றாகிவிட்டது என்பது எங்களுக்குத் தெரியும், மூதாட்டிக்குத் தெரியாது.

நாங்கள் தேடிய விடை அங்கேதான் கிடைத்தது. மருத்துவமனைக்குள் நுழையும்போது புடவையைக் கழற்றிப் பச்சை அங்கி கொடுக்கிறார்கள். தாலியையும் வளையலையும் கழற்றிக் கையில் கொடுக்கிறார்கள். பெயருக்குப் பதில் எண். கணவன் அட்டெண்டர் ஆகிறான், மனைவி பேஷண்ட் ஆகிறாள். சிகிச்சைக்கு இவை தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு வீட்டிலிருந்து கழற்ற முடியாமல் உள்ளே வந்துவிடுவது ஒன்றுண்டு. அந்த இருவருக்கு மட்டும் புரியும் கேலி. நாற்பது ஆண்டு ஒரே கூரையின் கீழ் சண்டையிட்டும் சமாதானமாகியும் சேர்த்த சொத்து அது. அதைப் பேசும் அரைநிமிட நேரம் அந்தக் கட்டிலைச் சுற்றி வீடு எழும்பி நிற்கிறது. வலி பொறுத்துச் சிரிக்கிறவர் காப்பாற்ற நினைப்பது அதைத்தான்.

இதிலிருந்து இரண்டு கோரிக்கைகள். ஒன்று மருத்துவமனைகளுக்கு. பெண்கள் வார்டில் இரவில் ஆண்களைத் தங்கவிடாத மருத்துவமனைகள் பல. தீவிர சிகிச்சைப் பிரிவில் துணைவரைச் சில நிமிடங்கள் மட்டும் கதவருகே நிறுத்திக் காட்டி அனுப்புவதும் பரவலாக உள்ளது. மற்றப் பெண் நோயாளிகளின் அந்தரங்கம், கிருமித் தொற்று ஆகிய காரணங்கள் உண்மையானவை; அவற்றை மறுக்கவில்லை. ஆயினும் துணைவர் ஒரு பார்வையாளர் அல்லர். ஹார்லிக்ஸோடு வருபவருக்கும் அவருக்கும் ஒரே நேரப்பட்டியல் பொருந்தாது. வள்ளுவர் கணக்குப்படி அவர் மருத்துவத்தின் நான்கில் ஒரு பங்கு. கால்மணி நேரமேனும் திரைச்சீலையை இழுத்துவிட்டு அந்த இருவரைத் தனியே விடுவதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

மற்றொன்று, இன்றோ நாளையோ அந்தப் பெஞ்சில் படுக்கப்போகிறவர்களுக்கு. நகைச்சுவைப் புத்தகம் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். துணுக்குகளைத் தேடி மனப்பாடம் செய்யாதீர்கள். சில தம்பதிகளுக்குள் கேலியே இருந்திருக்காது. மௌனமாகக் கால் பிடித்துவிடுவதே அவர்களின் மொழியாக இருக்கும். அதற்கு ஒரு குறையும் இல்லை. சிரிப்பைக் கட்டாயமாக்கினால் அதுவும் வேளைக்கு இரண்டு வீதம் விழுங்கவேண்டிய மாத்திரையாகிவிடும். படுத்திருப்பவர் முதலில் தொடங்கட்டும். அவர் தொடங்காத நாட்களில் பக்கத்தில் இருங்கள், போதும். அவர் தொடங்கும்போது, எவ்வளவு தூக்கக்கலக்கத்தில் இருந்தாலும், காதில் விழுந்ததைக் காட்டிக்கொள்ளுங்கள். தலையணை மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.